ஏழாவது குப்பியும் என் மூக்கும்

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவளும் நலம். அதற்கு அடுத்து 'மூக்கைத் தவிர' என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்ததைப் படிக்க வேண்டாம், விவரம் கீழே வருகிறது. அங்கே நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ தைலக் குப்பியைத் திறந்தாலே அத்தானுக்கு வருகிற தும்மல் நின்றதா என்று இவள் கேட்கச் சொன்னாள். நிற்காவிட்டால் குப்பியை மூடி வைக்கலாம் என்பது என் யோசனை. ஆனால் உனக்கு யோசனை சொல்லிப் பிழைத்தவர் நம் குடும்பத்தில் யாரும் இல்லை.

நீ அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நீ எதிலாவது இறங்குவாய் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன். தோட்டம் போடுவாய், இல்லையென்றால் அத்தானைத் திருத்துவாய் என்று நினைத்தேன். வாசனைத் தைலத்தில் இறங்குவாய் என்று நினைக்கவில்லை. தன் வீட்டுச் சமையலறையிலேயே கலக்கி, பருவத்துக்குப் பருவம் புதிதாகப் பெயர் வைத்து விற்கிற அந்த அம்மாளிடம் பெரிய பாட்டில்களாக வாங்கி, அதைச் சின்னக் குப்பிகளில் பிரித்து ஊற்றிச் சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பி, கூடவே 'உள்ளதை உள்ளபடி எழுது' என்று உத்தரவும் போட்டிருக்கிறாய். இலையுதிர் காலத்துக்கென்று ஏழு குப்பி. உள்ளதை உள்ளபடி எழுதுவது நம் வீட்டில் இதுவரை யாரும் செய்து பார்க்காத காரியம். முயன்று பார்க்கிறேன்.

பெட்டி வந்த அன்றே திறந்து பூசிப் பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதிப்போட்டால் தீர்ந்தது என்று இருந்தேன். இவள் விடவில்லை. தைலம் தூரத்திலிருந்து குலுங்கிக் குலுங்கி வந்திருக்கிறது, கொஞ்ச நாள் அசையாமல் வைத்தால்தான் வாசனை ஒரு நிலைக்கு வரும் என்று நீ எழுதியிருக்கிறாயாம். குப்பிகளைத் துணி அலமாரியில், என் சட்டைகளைத் தள்ளிவிட்டு, இருட்டில் நிற்க வைத்தாள். நானும்தான் தினமும் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வருகிறேன், என்னை யாரும் ஒரு நாள்கூட அசையாமல் இருக்க விட்டதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சட்டைகள் நாற்காலிக்கு வந்தன, நான் சொன்னது காற்றில் போனது.

ஓய்வு முடிந்து தைலங்கள் எழுந்தருளியதும் சோதனை ஆரம்பித்தது. ஒரு தைலம் பூசின இடத்தில் இன்னொன்று பூசக்கூடாது, ஈரத்தில் ஒரு தரம், காய்ந்த பிறகு ஒரு தரம், உடம்புச் சூட்டில் எழும்பும்போது ஒரு தரம் என்று மோந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. இவள் மணிக்கட்டு இரண்டு, முழங்கை மடிப்பு இரண்டு, கழுத்து ஒன்று என்று எல்லா இடமும் நிரம்பிவிட்டது. பிறகு என் பக்கம் பார்த்தாள். அன்றிலிருந்து என் கைகள் புறம்போக்கு நிலம். யார் வேண்டுமானாலும் வந்து குடிசை போடலாம்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் 'சுட்ட ஆப்பிள்'. நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். சர்க்கரை லேசாகக் கருகின மணம், கொஞ்சம் பட்டை, கொஞ்சம் வெண்ணெய். இவள் அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டு பூங்காவுக்கு நடக்க வந்தாள். மரத்தடியில் பழுத்து விழுந்ததைத் தின்றுகொண்டு சும்மா இருந்த குளவிகள் எல்லாம் தலை நிமிர்ந்து பார்த்தன. முதலில் ஒன்று வந்தது, கையால் விரட்டினோம். அப்புறம் அது போய்ச் சுற்றத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் கைகோத்து ஓடியதில்லை, அன்றைக்கு ஓடினோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவர், தன் பாட்டில் தண்ணீரை இவள் கழுத்தில் ஊற்றிக் காப்பாற்றினார். அவருக்கு நன்றி சொன்னபோது, "பரவாயில்லைங்க, வாசனை ரொம்ப நல்லாருக்கு, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். உன் முகவரியைக் கொடுத்திருக்கிறோம்.

இரண்டாவது 'பாசிப் படிக்கட்டு'. ஈரக் கல், பாசி, மூடிக் கிடந்த கிணறு. இதை ஒருவர் விரும்பிப் பூசுவார் என்பதையே நான் நம்பவில்லை, இவளுக்குப் பிடித்துவிட்டது. பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள். இவள் ஒரு சலவைக் கடையில் துணி வாங்கிக் கொடுக்கிற மேசையில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அன்று கோட்டு வாங்க வந்த ஒருவர், கோட்டை மோந்து பார்த்துவிட்டு, இது காயவே இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். முதலாளி வந்தார், மூக்கை உறிஞ்சினார், சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்று முடிவு கட்டினார். மதியத்துக்குள் மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியை நகர்த்திச் சுவரைச் சுரண்ட ஆள் வந்துவிட்டான். இவள் உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்து யோசித்து, சொல்லாமலே இருந்துவிட்டாள். நல்லவேளையாக அந்தச் சுவரில் நிஜமாகவே கொஞ்சம் ஈரம் இருந்தது. முதலாளி இப்போது தன் மூக்கைப் பற்றி ரொம்பப் பெருமையாகப் பேசுகிறாராம்.

மூன்றாவதுதான் என் தலையில் விடிந்தது. 'சருகுப் புகை' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வலது முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்தாள். குளித்தால் போய்விடும் என்று சொன்னாள். குளித்தேன். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனேன். என் வேலை உனக்குத் தெரியும் என்றாலும், அத்தான் இன்னும் நான் சிலிண்டர் தூக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். எரிவாயுக் கம்பெனியில் நான் கசிவு பார்க்கிறவன். குழாய் வழியே வீடு வீடாகப் போகிற வாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று கம்பெனியே அதில் ஒரு நாற்றத்தைக் கலந்து விடுகிறது. கருவி கையில் இருந்தாலும், கருவி கத்துவதற்கு முன்பே அந்த நாற்றத்தைப் பிடிக்கிற மூக்கு எனக்கு. அதனால்தான் கம்பெனியில் எல்லோரும் மூக்கர் என்று கூப்பிடுகிறார்கள். பட்டப்பெயர்தான், ஆனால் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்.

அன்றைக்கு ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழாய் பார்த்துக்கொண்டிருந்தேன். கொதிகலன் பக்கத்தில் இருந்ததால் புழுக்கம், சட்டைக் கையை மடித்துவிட்டேன். உடனே புகை வாசனை. வாயு இல்லை, வெறும் புகை. வாயு இல்லாமல் புகை என்றால் எங்கோ ஒயர் எரிகிறது என்று அர்த்தம். என் தொழிலில் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. மணியை அடித்தேன். எல்லோரும் இறங்கி வந்தார்கள். முகத்தில் பாதி சவர நுரையோடு ஒருவர், கிளிக் கூண்டோடு ஒரு அம்மாள், ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒரு பெண், எல்லோரும் தூறலில் தெருவில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. அதில் தலைமையாக வந்த பெண் அதிகாரி மாடி மாடியாகத் தேடினார், நானும் பொறுப்போடு கூடவே போனேன். போகிற மாடியில் எல்லாம் புகை வாசனை. கடைசியில் அவர் நின்று என்னை ஒரு மாதிரி பார்த்து, கொஞ்சம் வெளியே போய் நிற்கச் சொன்னார். போனேன். திரும்ப உள்ளே வரச் சொன்னார். வந்தேன். கிட்டே வந்து, என் கையைப் பிடித்து மோந்து பார்த்தார்.

"புகை கட்டடத்துல இல்லைங்க. உங்க கையிலதான் இருக்கு," என்றார்.

கிளிக் கூண்டு அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். எங்கள் பிரிவு அதிகாரி கூப்பிட்டு விட்டார். திட்டுவார் என்று போனேன், திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "வாசனை பூசிட்டு வேலைக்கு வரக்கூடாதுன்னு புதுசா சேர்றவங்களுக்கு வகுப்பு எடுக்கிறதே நீங்கதான் மூக்கர்," என்று மட்டும் சொன்னார். போகும்போது, மூக்குப் பரிசோதனை வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு இவளும் என் கைகளை விட்டுவிட்டாள். நான் குப்பியை மோந்து பார்ப்பேன், இவள் மணிக்கட்டை மோந்து பார்ப்பேன், கருத்துச் சொல்வேன், அவ்வளவுதான்.

'கம்பளிப் பெட்டி', 'தச்சன் பட்டறை', 'தேனும் மெழுகும்' மூன்றும் வம்பில்லாமல் போயின. கம்பளிப் பெட்டியை மோந்துகொண்டே நான் நாற்காலியில் தூங்கிவிட்டேன், அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள். தச்சன் பட்டறை எனக்குச் சொந்தமாகவே ஒன்று வேண்டும். தேனும் மெழுகும் எதிர் வீட்டு டீச்சரம்மாவுக்குப் பிடித்துப்போய் பாதிக் குப்பியை அவரே வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வந்தது ஏழாவது குப்பி. 'காலை மூடுபனி'.

அக்கா, இதிலிருந்து உள்ளதை உள்ளபடி எழுதுவது கொஞ்சம் கஷ்டமான காரியம். இவள் அதை மணிக்கட்டில் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கையை என் பக்கம் நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. இவள் கைக்குரிய சோப்பு வாசனை, அன்றைக்கு நறுக்கின வெங்காயம், அவ்வளவுதான். இன்னொரு தரம் இழுத்தேன். ஒன்றுமே இல்லை. குப்பியை வாங்கி மூக்கிலேயே வைத்துக்கொண்டேன். பச்சைத் தண்ணீரை மோந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆழமா இருக்கு," என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏன் சொன்னேன் என்றால், பயம். எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் குளிர் ஆரம்பிக்கிற சமயத்தில், வீடுகளில் எல்லாம் கணப்பைப் போடத் தொடங்குவதற்கு முன்னால், கசிவு பார்க்கிறவர்களுக்கு மூக்குப் பரிசோதனை உண்டு. மூடி போட்ட ஜாடிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். சிலதில் ஒன்றும் இருக்காது, சிலதில் அந்த நாற்றம் கூடவும் குறையவும் இருக்கும். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று சொல்ல வேண்டும். தவறினால் தெரு வேலை கிடையாது, தொலைபேசி மேசைக்குப் போக வேண்டும். எனக்கு முன்னால் மூக்கர் என்று பெயர் வாங்கியிருந்தவர் அப்படித்தான் போனார். அவருக்கு ஒரு சளி பிடித்தது, சளி போனது, மூக்கு திரும்பி வரவில்லை. இப்போது நாள் முழுக்க, ஜன்னலைத் திறங்க, சுவிட்சைத் தொடாதீங்க, ஆள் அனுப்புறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அனுப்புகிற ஆள் நான். குறைந்த சம்பளம் இல்லை, கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆனால் நான் அவர் மேசையைக் கடந்து வெளியே போகிறபோதெல்லாம் அவர் கதவையே பார்ப்பார். எனக்கு நாற்காலி ஒத்துவராது, அக்கா. கதவைத் தட்டினால் வழிவிட்டு நிற்கிறார்களே, வாங்க வாங்க, நீங்க வந்துட்டீங்க இல்ல, இனிமே பயமில்லை என்கிறார்களே, அது இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

இவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு நினைப்பு. திருட்டுத்தனமாக மூக்கைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன். காபித் தூள் டப்பா, வந்தது. மருந்து அலமாரி, வந்தது. வாசலில் இருக்கும் செருப்பு ரேக், வேண்டிய அளவுக்கு மேலேயே வந்தது. திரும்பக் குப்பியைத் திறந்தால், ஒன்றும் இல்லை. கடைக்குப் போய் சோப்புப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து மோந்து வைத்தேன். கடைக் காவலாளி என் பின்னாலேயே வந்தார். எதுவும் வாங்காமல் போனால் நன்றாக இருக்காதே என்று கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். அது நாய் குளிப்பாட்டுகிற சோப்பு. நம்மிடம் நாய் இல்லையே என்று இவள் கேட்டதற்கு, சும்மா இருக்கட்டும் என்று சொன்னேன்.

இன்னொரு நாள் எதிர் வீட்டு வாசலில் இருந்த பூந்தொட்டியைக் குனிந்து மோந்துகொண்டிருந்தபோது டீச்சரம்மா கதவைத் திறந்துவிட்டார். என்ன சொல்வது? கசிவு பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் உடனே, அப்படியானால் உள்ளே வந்து பாருங்கள் என்று சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுப்புக்குப் பின்னால், குழாய் திரும்புகிற இடத்தில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு இழை வாசனை வந்தது. முன்பெல்லாம் நான் அந்த இடத்திலேயே வால்வை மூடிவிட்டுத் திருகுசாவியை எடுத்திருப்பேன். அன்றைக்கு நின்றேன். நிஜமாகவே வருகிறதா, இல்லை, வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா என்று தெரியவில்லை. ஒரு உயிர் விஷயம். வால்வை மூடிவிட்டு, கருவியோடு ஒருத்தரை அனுப்பச் சொல்லிக் கம்பெனிக்குப் போன் செய்தேன். என்னோடு வேலை செய்கிறவர் வந்தார், கருவியை வைத்தார், அது கத்தியது. கசிவு இருந்தது. சரி செய்துவிட்டுப் படி இறங்கும்போது அவர், "உங்களுக்கே சந்தேகமா, மூக்கர்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவர் கருவியை நான் வாங்கித் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம், சமையலறை மேசையில் உட்கார்ந்து, இவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மூடுபனிக் குப்பியைத் திறந்து வைத்திருந்தேன். இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அதையே எத்தனை தடவை மோந்து பாப்பீங்க?"

"நல்லாருக்கேன்னு பாத்தேன்."

"நல்லாருக்கா? எனக்கு ஒண்ணுமே வரலையே," என்றாள். "முதல் நாள்லேருந்தே வரலை. நீங்க ஆழமா இருக்குன்னு சொன்னீங்க. சரி, பெரிய மூக்கு சொல்லுது, நமக்குத்தான் தெரியலைன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

நான் குப்பியை மூடி வைத்தேன். பிறகு எனக்கும் வரவில்லை என்று சொன்னேன். உனக்கு இது வேடிக்கையாக இருக்கலாம், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். இவளும் வாசனை வராமலேதான் அத்தனை நாளும் அதைப் பூசிக்கொண்டு போயிருக்கிறாள், நாத்தனார் கொடுத்தது என்ற மரியாதைக்காக. அன்றைக்கு நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். மறுநாள், அதாவது இன்று காலை, நிமிர்ந்து போனேன். பரிசோதனை நடத்துகிற அம்மா ஜாடிகளை வரிசையாக வைத்தார். ஒன்றைக்கூட விடவில்லை. கடைசி ஜாடியின் மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். உங்க கையில ஆரஞ்சு, பக்கத்து அறையில புதுசா பெயிண்ட், இந்த நாற்காலியில முன்னாடி உட்கார்ந்தவருக்கு இருமல் மிட்டாய் என்று நான் அடுக்க ஆரம்பித்ததும், போதும் போங்கள் என்று அவரே எழுந்து கதவைத் திறந்துவிட்டார். தொலைபேசி மேசையைக் கடந்து வெளியே வரும்போது பழைய மூக்கர் எழுந்து வந்து கை கொடுத்தார். அவர் கையை நான் கொஞ்ச நேரம் விடவில்லை.

ஆகவே, அக்கா, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். குப்பிகளைக் கழுவுவதற்கு நீ வாசனை சேராத வெறும் எண்ணெயை ஊற்றி அலசுவாய் என்று நீயே எழுதியிருந்தாய். தண்ணீர் பட்டால் தைலம் கெட்டுவிடும் என்று காரணமும் சொல்லியிருந்தாய். அலசிய எண்ணெயைக் கொட்டாமல், அதற்கே மூடி போட்டு, 'காலை மூடுபனி' என்று முத்து முத்தான உன் கையெழுத்தில் சீட்டும் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். உனக்கு எதிலும் அவசரம். சின்ன வயதில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனவள்தானே நீ. எத்தனை வீட்டுக்கு அந்த மாதிரி அனுப்பியிருக்கிறாயோ, அவர்களெல்லாம் மரியாதைக்கு ஆழமாக இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். நீயும் நம்பியிருப்பாய். உன் அவசரத்தால் ஒரு மனுஷன் சோறு தண்ணி இல்லாமல், நாய் சோப்பு வாங்கி, எதிர் வீட்டுப் பூந்தொட்டியில் மூக்கை விட்டு, பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. இதற்கு நீ ஒரு பதில் எழுத வேண்டும். பதில் என்றால் சமாதானம் இல்லை, மன்னிப்பு. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னது நீதான், அதனால் கோபிக்கக்கூடாது. ஆறு குப்பிக்கும் சபாஷ், ஏழாவதற்குப் பூஜ்யம்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். தும்மும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்ளச் சொல். குளிர் வருகிறது, கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து வை. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், எந்தக் குளவியும் துரத்தாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று உன்னிடமே ஆசீர்வாதம் வாங்க வேண்டியவன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
பரிசோதனையில் தேறிய மூக்கர்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் கடிதத்தை இவளுக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். இவள் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். தீயணைப்பு வண்டிக்குச் சிரித்தாள். நாய் சோப்புக்குச் சிரித்தாள். அலசின எண்ணெய் வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டாள்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்க," என்றாள். ஏன் என்று கேட்டேன். "அண்ணி தப்பா ஒண்ணும் அனுப்பலை. எனக்கு அது முதல் நாளே வந்துச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்படியானால் நேற்று ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"விடிஞ்சா பரீட்சை. நீங்க தட்டுல கையை வச்சுட்டு வச்சுட்டு எழுந்திரிச்சிட்டிருந்தீங்க. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றாள்.

நான் எழுந்து போய்ப் பரிசோதனை அம்மாவுக்குப் போன் செய்து, ஒரு நண்பருக்காகக் கேட்பது போலக் கேட்டேன். நல்ல மூக்குக்கும் ஒன்றிரண்டு வாசனை பிறவியிலேயே தெரியாமல் இருப்பது உண்டாம், கஸ்தூரி மாதிரி மெல்லிசான சில வாசனைகள் பலருக்குப் பிடிபடுவதே இல்லையாம், வாயு நாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாதாம். கடைசியில், "உங்க நண்பரைக் கவலைப்படாம வேலைக்குப் போகச் சொல்லுங்க மூக்கர்," என்று சொல்லிவிட்டு வைத்தார். ஆகவே வேலைக்குப் பங்கம் இல்லை. ஆனால் மேலே உன்னைத் திட்டியது, பால் பொங்கின கதை உட்பட, எல்லாம் ரத்து. மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும், கேட்டுக்கொள்கிறேன். பூஜ்யத்தையும் அடித்துவிடு. பக்கத்தைக் கிழிக்கவில்லை, ஏனென்றால் பின்பக்கத்தில் நான் தேறிய கதை இருக்கிறது.

திரும்பி வந்து இவளிடம், அது எப்படித்தான் இருக்கும் என்று கேட்டேன். இவள் யோசித்தாள். துவைத்து வெயிலில் காய்ந்த துணியை மடித்து வைத்து, மறுநாள் எடுத்து முகத்தில் வைத்தால் வருமே, அதற்குப் பக்கத்தில் ஒன்று என்றாள். அப்புறம், அதுவும் சரியில்லை, லீவு நாளில் காலையில் நீங்கள் எழுந்திருக்காமல் படுத்திருக்கும்போது உங்கள் கழுத்தில் வருகிற வாசனை மாதிரி என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு எழுதுகிற விஷயமா இது என்று நீ நினைப்பாய், நானும் நினைத்தேன், உள்ளதை உள்ளபடி என்றதால் எழுதிவிட்டேன். ஊரில் எங்கே ஒரு இழை கசிந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான். என் வீட்டில், என் எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே இவள் சொன்ன பொய் எனக்குத் தெரியவே இல்லை. இவளுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குப்பி தீரப் போகிறது. அதே மூடுபனியில் இன்னொன்று, கொஞ்சம் பெரிதாக அனுப்பு. இவள் பூசிக்கொள்ளட்டும், இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று நான் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.